கண்டித் துரைமேல் விழுந்த மஞ்சத்தண்ணி

இரண்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். பஞ்சு மூட்டை வண்டி ஓட்டின நான் இன்றைக்குப் பீளமேட்டுப் பக்கம் ஒரு ஜின்னிங் பாக்டரி, நூல் வெளுக்கிற கொட்டகை, காங்கேயம் போய் வருகிற மோட்டார் பஸ் இரண்டு என்று நிமிர்ந்து நிற்கிறேன். ஆகவே, காலேஜ் ஹாக்கி கோஷ்டியை இலங்கைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய விளையாட்டு வாத்தியாருக்குக் கடைசி நேரத்தில் அம்மை வார்த்துவிட்டபோது, எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. என் கண்ணும் என் பக்கம்தான் திரும்பியது.

கோஷ்டிக்குக் கேப்டன் கந்தசாமி, என் தங்கச்சி மகன். என் மூத்த மகளை அவனுக்குத்தான் பேசி வைத்திருந்தோம். அடுத்த மாதம் அவனுக்குப் பி.ஏ. பரீட்சை. எங்கள் உறவுமுறையில் பி.ஏ. மாப்பிள்ளை எடுக்கிற முதல் ஆள் நான்தான் என்று காங்கேயம் சந்தையில் ஆரம்பித்துக் கணபதி ஊர் வரைக்கும் சொல்லி முடித்திருந்தேன். சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா? பையன் பாஸாகியே தீர வேண்டும்.

ரயிலடியில் தங்கச்சி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

“அண்ணா, பையனைப் பாத்துக்கோங்க. கூட்டாளிக சேந்தா என்ன செய்யறம்னு அவனுக்கே தெரியாதுங்க.”

“நா இருக்கறப்ப என்ன அம்மணி பயம்? நீ ஊட்டுக்குப் போ” என்றேன்.

கடலைப் பற்றி எல்லாரும் பயமுறுத்தியிருந்தார்கள். கப்பலில் பையன்கள் அத்தனை பேரும் குடலைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். நான் மட்டும் நின்றேன். நின்றபடியே கம்பியைப் பிடித்துக் குனிந்து இரண்டு மூன்று தரம் வாந்தி எடுத்தது உண்மைதான். ஆனால் அது ரயிலில் வாங்கின வடையின் கோளாறு. கடலுக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்லை.

வெறும் கையோடு ஒரு வீட்டுக்குப் போகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஆகவே எங்களோடு ஆடப்போகிற கண்டிக் காலேஜுக்காக ஒரு சாக்கு ஈரோட்டு மஞ்சள் கட்டி வந்திருந்தேன். சுங்கத்து அதிகாரி சாக்குக்குள் கையை விட்டுத் துழாவினார். கையை வெளியே எடுத்தவர் மூக்கைச் சொறிந்தார். நாங்கள் அவரைவிட்டுப் போகிறபோது மூக்கு மட்டும் மாரியம்மன் மூக்கு மாதிரி மஞ்சளாக இருந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதிகாரியிடம் போய் மூக்கைப் பற்றிப் பேசுவது மரியாதையா?

கொழும்பில் மனிதன் இழுக்கிற ரிக்‌ஷாவில் ஏறச் சொன்னார்கள். வண்டிக்குப் பாரம் ஏற்றுவதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பின்பாரம் ஆகாது என்று எடுத்துச் சொன்னேன். ரிக்‌ஷாக்காரனுக்குத் தமிழ் புரியவில்லை. நான் ஏறிச் சாய்ந்து உட்கார்ந்ததும் வண்டி பின்பக்கம் கவிழ்ந்து, இழுக்கிறவன் ஏர்க்காலைப் பிடித்தபடி அந்தரத்தில் தொங்கினான். நான் கீழே கிடந்தபடி அவனைப் பார்த்தேன், அவன் மேலே இருந்து என்னைப் பார்த்தான். பையன்கள் அவனை இறக்கிவிட்டார்கள். கூட்டத்தில் ஒருவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த தமிழ்க் கடைக்காரரிடம் என்ன என்று கேட்டேன்.

“ஆனையை ஏத்த வேணுமெண்டால் முதலில ஆனையிட்டயே அனுமதி கேக்க வேணுமாம்” என்றார்.

ஆனை என்று சொன்னதை நான் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

கண்டி மலையூர். நாள் முழுக்கத் தூறல். வெயிலை அங்கே பார்சலில்தான் வரவழைக்க வேண்டும் போல. காலேஜ் விடுதியில் எங்களுக்கு இடம். பேச்சுத் துணைக்கு யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரை விட்டிருந்தார்கள். சின்னத்தம்பி மாஸ்டர் என்று பெயர். அவர் பேசுவதும் தமிழ்தான், நான் பேசுவதும் தமிழ்தான், என்றாலும் முதல் நாள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொஞ்சம் உரக்கவே பேசிப் பார்த்துக்கொண்டோம்.

சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. இடியாப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். எதைத் தொட்டாலும் மாசிக் கருவாடு. டீயில் சர்க்கரை போட மாட்டார்கள். உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்துவிட்டு, வெறும் டீயைக் கையில் கொடுக்கிறார்கள். கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். நான் கருப்பட்டியை முதலிலேயே தின்றுவிட்டு இன்னொரு துண்டு கேட்டேன். அதையும் தின்றுவிட்டேன். டீ அப்படியே இருந்தது. நெய் ஊற்றின அரிசியும்பருப்பும் சாதம் எங்கே, இது எங்கே! சிறுவாணித் தண்ணீர் குடித்த நாக்குக்கு அந்த ஊர்த் தண்ணீரும் சப்பென்றிருந்தது.

பையன்களுக்கு அந்தக் குறையெல்லாம் இல்லை. சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு வந்து மாஸ்டரிடம் சிங்களத்தில் முறையிட்டார். மாஸ்டர் சொன்னார்:

“உங்கட நாட்டில பஞ்சமோ எண்டு கேக்கிறார். நாலு தரம் சோறு வடிச்சுப்போட்டாராம்.”

“பஞ்சமெல்லாம் இல்லைங்க. எங்க பசங்க ஊட்லயும் இப்படித்தான்னு சொல்லுங்க.”

மறுநாள் புதன்கிழமை. எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியின் கடைசி நாள். அன்றைக்கு மஞ்சத்தண்ணி விளையாட்டு. மஞ்சள் கரைத்த தண்ணீரில் வேப்பிலையைப் போட்டு மாமன், மச்சான் முறை உள்ளவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஊற்றுவார்கள். முறை இல்லாதவர்மேல் ஒரு சொட்டுப் படக்கூடாது. பட்டால் குற்றம். முறை உள்ளவர் நனையாமல் போனாலும் குற்றம்தான். அதிலும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: மீசை முளைத்த நாளிலிருந்து என்னை நனைத்த மச்சான் எங்கள் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. குதிருக்குள் புகுந்திருக்கிறேன், புளியமரத்தில் ஏறியிருக்கிறேன், ஒரு வருஷம் பொம்பளை வேஷத்தில் பஸ் ஏறிப் போயிருக்கிறேன். உலர்ந்த வேட்டியோடு வீடு திரும்புகிற ஒரே மாமன் நான்தான்.

காலையிலேயே கந்தசாமி வந்து தலையைச் சொறிந்தான்.

“ஏனுங்க மாமா, இன்னிக்கு நம்மூர்ல மஞ்சத்தண்ணிங்க.”

“அதுக்கு?”

“ஒண்ணுமில்லீங்க. சும்மா சொன்னனுங்க.”

அவன் போன பிறகு சமையல்கட்டு அம்மியில் ஏதோ அரைபடுகிற சத்தம் கேட்டது. என் மஞ்சள் சாக்கு இளைத்திருந்ததையும் பார்த்தேன். சம்பலுக்கு எடுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். பெரிய மனிதன் சாக்கை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா?

அன்று சாயங்காலம் காலேஜ் பிரின்ஸ்பால் துரை எனக்கு விடுதியைச் சுற்றிக் காட்ட வந்தார். பனைமரம் மாதிரி ஆள். வெள்ளைச் சூட்டு, வெள்ளை ஜோடு. நானும் லேசுப்பட்டவன் இல்லை. இந்தப் பயணத்துக்கென்றே தைத்த வெள்ளைப் பட்டுக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, தங்கச் சங்கிலி. சாப்பாட்டு அறை வாசலுக்கு வந்ததும் துரை ஒதுங்கி, என்னை முன்னால் போகும்படி கையைக் காட்டினார்.

அவருடைய இடத்தில் அவருக்கு முன்னால் நான் நுழைவதா? “நீங்க போங்க” என்றேன். அவர் மறுபடியும் கையைக் காட்டினார். நானும் குனிந்து இரண்டு கையையும் காட்டினேன்.

“துரை உங்களைத்தான் முதலில போகச் சொல்லுறார்” என்றார் மாஸ்டர்.

“அதெப்படிங்க ஆகும்? அவுரு போனாத்தானுங்க நா வருவேன்.”

இப்படியே போய்க்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் இதில் யாரும் என்னை ஜெயித்ததில்லை. கல்யாண வீட்டு வாசலில் பந்தி ஆறிப் போகிற வரைக்கும் நின்றிருக்கிறேன். கடைசியில் துரை தோற்றுப்போய், தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தார்.

கதவுக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்திருக்கிறது. ஜன்னலோரம் காவல் நின்றவன் கோட்டைமேட்டு ரஹீம். கந்தசாமியை மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே முறையாகிப்போனவன். அவன் ஜன்னல் கண்ணாடியின் மங்கலில் பார்த்தது வெள்ளைக் கோட்டு மட்டும்தான்.

“வாருதுடா! வெள்ளைக் கோட்டு வாருது!”

இரண்டு வாளி. ஒன்று தலையில், ஒன்று நெஞ்சில். சுவரெல்லாம் மஞ்சள்.

“மாமா மாட்டிக்கிட்டாருடோய்!” என்று கோல்கீப்பர் நாச்சிமுத்து குதித்தான்.

“டேய், மாமன் இன்னும் வெளியதான்டா நிக்கறாரு” என்றான் ரஹீம். குரல் பாதியில் செத்துப்போயிற்று.

துரை அசையவில்லை. மூக்கு நுனியில் மஞ்சள் சொட்டியது. ஒரு வேப்பிலை காதில் செருகினது மாதிரி நின்றது. இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். மாஸ்டரிடம் என்ன என்று கேட்டேன்.

“அதைச் சொல்ல என்ர வாயில தமிழ் வராது, ஐயா” என்றார்.

நான் ஏன் நனையவில்லை என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். மரியாதை தெரிந்தவன் நனைய மாட்டான். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில், காரியத்தைக் கையில் எடுத்தேன். துரைக்கு ஆத்திரமே சூட்டு பாழாய்ப் போனதில்தான் இருக்கும். சூட்டை வெளுத்துக் கொடுத்தால் ஆத்திரமும் வெளுத்துவிடும். நூல் வெளுக்கிற கொட்டகை வைத்திருப்பவனுக்கு இது ஒரு வேலையா? மாஸ்டரைத் தூது விட்டுத் துரை பங்களாவிலிருந்து சூட்டை வாங்கினேன். எங்கள் கொட்டகையில் வெளுக்கப் போடுகிற தூளும் சுண்ணாம்பு மாதிரிதான் இருக்கும். அங்கே அது கிடைக்கவில்லை. கையில் இருந்தது வெற்றிலைச் சுண்ணாம்பு. வெள்ளை வெள்ளைதானே? பங்களாத் தோட்டத்திலேயே தொட்டித் தண்ணீரில் தாராளமாகக் கரைத்துச் சூட்டை முக்கினேன்.

முக்கின மாத்திரத்தில் சூட்டு சிவந்தது. சாதாரணச் சிவப்பு இல்லை, ரத்தச் சிவப்பு. தொட்டி முழுக்க அதே நிறம். வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்த துரைசானி எழுந்து பார்த்தார். பிறகு வீரிட்ட சத்தம் கண்டி ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

மாஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். “ஐயோ, ஆலாத்தி கரைச்சுப்போட்டியளே! மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன நிறம் வருமெண்டு குழந்தைப் பிள்ளைக்கும் தெரியுமே!”

அந்த ஊர்த் தண்ணீர் அப்படி. சிறுவாணித் தண்ணீராக இருந்தால் நடந்திருக்காது என்று இன்றைக்கும் சொல்வேன்.

உச்சிப்பொழுதில் துரை கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் பையன்கள் வரிசையாக நின்றார்கள். மேஜைமேல் எங்கள் காலேஜுக்கு அனுப்ப எழுதின தந்தி. அதை வாங்கிப் போகச் சேவகன் தயாராக நின்றான்.

“கேப்டனைக் காலேஜை விட்டு நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்” என்றார் மாஸ்டர் மெதுவாக.

கந்தசாமி முகம் சுண்டிப்போயிருந்தது. “மாமா, பரீச்சை எழுத உடமாட்டாங்க. எங்கம்மாகிட்ட நா என்னன்னு சொல்லுவேன்?” என்றான். அவன் அழுது நான் பார்த்ததில்லை.

“மாஸ்டர், நாஞ் சொல்றத அப்படியே துரைகிட்டச் சொல்லுங்க” என்று ஆரம்பித்தேன். மஞ்சத்தண்ணி என்றால் என்ன, யார்மேல் ஊற்றலாம், யார்மேல் ஊற்றக் கூடாது, எல்லாம் விளக்கினேன். “முறை உள்ளவங்கமேல மட்டுந்தானுங்க ஊத்துவோம். ஊத்திப்போட்டாங்க; இனி தொரையும் இந்தப் பையனுக்கு மாமன்தானுங்க. மாமனுக்கு மருமவனை அடிக்கிற உரிமை உண்டு. கல்யாணத்துக்குத் துணி எடுத்துக் குடுக்கற கடமையும் உண்டு. ஆனா, மருமவனைக் காட்டிக் குடுக்கற மாமன் எங்க பக்கம் கிடையாதுங்க.”

துரை கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு கேள்வி போட்டார். மாஸ்டர் சொன்னார்:

“அந்தத் தண்ணி ஆருக்கு வச்சது எண்டு கேக்கிறார்.”

“எனக்குத்தானுங்க.”

“அது மரியாதையோ, அவமானமோ எண்டு கேக்கிறார்.”

“மரியாதைங்க! பெரிய மரியாதை!”

“அப்ப அந்த மரியாதை உரிய ஆளிட்டப் போய்ச் சேரவில்லையாம். இப்ப சேர வேணுமாம். நீங்கள் அசையாமல் நிண்டால் தந்தி போகாது. ஒதுங்கினால் போகும் எண்டு சொல்லுறார்.”

என் கோட்டைப் பார்த்தேன். இன்னும் ஒரு பொட்டு அழுக்குப் படாத கோட்டு. இத்தனை வருஷம் ஒரு மச்சானுக்கும் அகப்படாத உடம்பு.

“மாமா, வேண்டாமுங்க” என்றான் நாச்சிமுத்து. நான் அசையாமல் நிற்பேன் என்று அவனுக்கு நம்பிக்கை இல்லை.

“கோட்டையாச்சும் கழட்டிக்கோங்க” என்றான் ரஹீம்.

“கோட்டோடதான்டா மரியாதை” என்று சொல்லிவிட்டு முற்றத்துக்கு நடந்தேன்.

பையன்களே மஞ்சள் கரைத்தார்கள். கையில் என்ன உற்சாகம் என்கிறீர்கள்! கொஞ்சம் முன்னால் அழுதவன் வேப்பிலை ஒடிக்க ஓடுகிறான். விடுதி முழுக்க ஜன்னலில் தொங்கியது. துரைசானியும் குடை பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். துரை சட்டைக் கையை மடித்து வாளியைத் தூக்கினார். இளவயதில் விளையாட்டுப் பந்தயத்தில் குண்டு எறிகிறவராக இருந்திருக்க வேண்டும். வாளியை எறிகிற தோரணை அப்படி இருந்தது. என் கால் இரண்டும் தாமாகவே இடப்பக்கம் நகரப் பார்த்தன. பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு, “பி.ஏ., பி.ஏ.” என்று மனசுக்குள் சொன்னேன்.

மலைத் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தலைப்பாகை கழன்று கழுத்தில் விழுந்தது. கண்ணைத் திறந்தபோது துரை சிரித்துக்கொண்டிருந்தார். வாய் விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அதோடு விட்டாரா? துரைசானியும் குடையை மடித்துவிட்டு ஒரு செம்பு ஊற்றினார். தந்தியைத் துரை நாலாகக் கிழித்தார்.

கிழித்தாலும் தண்டனை இல்லாமல் விடவில்லை. வெள்ளைக்காரர் கணக்கு வேறு. கந்தசாமி மறுநாள் ஆட்டத்தில் விளையாடக் கூடாது. காலையில் காலேஜ் முழுக்கக் கூடியிருக்கும்போது மன்னிப்புக் கேட்க வேண்டும். மஞ்சள் தெறித்த சுவரைப் பையன்களே வெள்ளையடிக்க வேண்டும்.

மன்னிப்பை அழகாகக் கேட்டான். வெள்ளை அடித்ததுதான் வினையாயிற்று. சூட்டுக்கு நடந்தது ஊருக்கே தெரியும். ஆனாலும் சுண்ணாம்பு வாளியைக் கையில் எடுத்த பத்துப் பேரில் ஒருவனுக்கும் அது தோன்றவில்லை. மஞ்சள் தெறித்த இடமெல்லாம் சிவப்பு, மற்ற இடம் வெள்ளை. பார்த்தால் கோயில் மதில் மாதிரி ஆகிவிட்டது. திறந்திருந்த கதவு வழியாக அதைப் பார்த்த தேயிலைத் தோட்டத்துத் தமிழர் ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்.

ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம் என்று சிலர் சொல்கிறார்கள். கேப்டன் இல்லாத கோஷ்டி ஐந்து கோல்தான் வாங்கியது என்று நான் சொல்கிறேன். நாச்சிமுத்துவின் கை அப்போதும் மஞ்சளாகத்தான் இருந்தது.

பிரியும்போது துரையிடம், “கல்யாணத்துக்கு அவசியம் வரோணுங்க” என்றேன். கூப்பிடாமல் நான் திரும்பி வந்தால் நம்முடைய ஊருக்குத்தானே கேவலம்.

கந்தசாமி பாஸாகிவிட்டான். மூன்றாம் வகுப்பு என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். பி.ஏ. பி.ஏ.தான்.

கல்யாணத்தன்று ஒரு சிக்கல். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் துணி எடுத்துச் சீர் செய்ய வேண்டும். தாய்மாமன் நான்தான், ஆனால் நானே பெண்ணைப் பெற்றவனாக எதிர்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். “இந்தப் பக்கம் மாமன் சீருக்கு ஆரு?” என்று சபையில் பேச்சுக் கிளம்பியது. தங்கச்சி முகம் வாடியது. அந்த நேரத்தில் தபால்காரர் கண்டியிலிருந்து ஒரு பார்சலைக் கொண்டுவந்தார். பிரித்தால், அதே சூட்டு. வெளுத்துப் பார்த்து வெளுத்துப் பார்த்தும் போகாத சிவப்பு. சின்னத்தம்பி மாஸ்டர் கையெழுத்தில் ஒரு வரி: “மருமகனுக்கு மாமன் சீர், துரை தரச் சொன்னார்.”

“தொரை மாமன் சீர் அனுப்பியிருக்காருங்கோ!” என்று ரஹீம் பந்தல் முழுக்கக் கேட்கும்படி கூவினான்.

மாமன் சீரை மறுக்க முடியாது. கந்தசாமி அதைப் போட்டுக்கொண்டான். கால்சட்டை காலை விழுங்கியது. கோட்டுக்குள் அவனைத் தேட வேண்டியிருந்தது.

“நல்லா இருக்கறனுங்களா மாமா?” என்றான்.

“தொரை மாதிரியே இருக்கறே கண்ணு” என்றேன்.

அந்தக் கோலத்திலேயே போட்டோ எடுத்தோம். அது என் பாக்டரி ஆபீஸில் மாட்டியிருக்கிறது. சிவப்பு, போட்டோவில் கறுப்பாக விழும் என்று எங்களுக்கு யாருக்கும் தெரியாது. பஞ்சு வாங்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஏனுங்க, உங்க மாப்பிள்ளை பாரிஸ்டருங்களா?” என்று கேட்கிறார்கள்.

நான் இல்லை என்று சொல்வதில்லை.